தேங்காப்பருப்பு விலை ஏறுனா எண்ணெய்ல கை வைக்காதீங்க: சின்னத் தொழில் நடத்துறவங்களுக்கு ஒரு செக்குக்காரன் கணக்கு

நான் காங்கேயம் பக்கம் மரச்செக்கு ஓட்டிட்டு இருக்கேன். ரெண்டு செக்கு, மூணு ஆளு, முன்னாடி ஒரு சின்னக் கடை, அவ்வளவுதான். போன ரெண்டு வருசத்துல செக்கு, மசாலா, இட்லி மாவுன்னு புதுசா ஆரம்பிச்ச நாலஞ்சு பேரு என்கிட்ட ஒரே கேள்விய வேற வேற மாதிரி கேட்டுட்டாங்க, "சரக்கு விலை இப்படித் தாறுமாறா ஏறுனா நேர்மையா எப்படிங்க ஓட்றது, கொஞ்சம் அப்படி இப்படி பண்ணாம முடியுமா"ன்னு. முடியும். ஆனா நல்ல மனசு மட்டும் இருந்தா பத்தாது, கணக்கு தெரியணும். கணக்கு தெரியாத நல்லவன் தான் முதல்ல கடைய மூடுறான், இல்லன்னா நஷ்டத்தத் தாங்க முடியாம ஒரு நாள் கலக்க ஆரம்பிக்கிறான், ரெண்டையும் கண்ணால பாத்திருக்கேன். எனக்குத் தெரிஞ்சது எண்ணெய், அத வச்சே சொல்றேன், நீங்க மல்லி மிளகாய் உளுந்துன்னு உங்க சரக்குக்கு மாத்திப் போட்டுக்கங்க.

என்ன நடந்துச்சுன்னு மொதல்ல சொல்லிடறேன். 2024 ஆரம்பத்துல கொப்பரை, எங்க பக்கம் தேங்காப்பருப்புன்னு சொல்லுவோம், கிலோ 100 ரூபாய்க்கே முக்குச்சு. அந்த வருசம் அரவைக் கொப்பரைக்கு அரசாங்கம் வச்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 11,160, மார்க்கெட்டு அதுக்கும் கீழ கிடந்துச்சு. அதே பருப்பு 2025 நடுவுல கிலோ 200ஐத் தாண்டிப் போயிடுச்சு. இதுக்கு நடுவுல 2024 செப்டம்பர்ல வெளிநாட்டுக் கச்சா பாமாயில், சோயா, சூரியகாந்தி எண்ணெய்க்கெல்லாம் அடிப்படை சுங்க வரிய பூஜ்யத்துல இருந்து 20 சதவீதமாக்குனாங்க, 2025 மே கடைசில அத மறுபடி 10 ஆக்குனாங்க. நாம பாமாயில் விக்கறதில்ல, நமக்கென்னன்னு தோணும். ஆனா கடைக்கு வர்ற அக்கா மனசுல ஓடறதே பாக்கெட் எண்ணெய்க்கும் நம்ம எண்ணெய்க்கும் எவ்வளவு வித்தியாசம்ங்கறது தான், அந்த இடைவெளி கூடிட்டா மாசம் 2 லிட்டர் வாங்கறவங்க சத்தமில்லாம 1 லிட்டருக்கு வந்துருவாங்க. டெல்லில போடற கையெழுத்து நம்ம கல்லால தெரியும்.

இந்த மாதிரி நேரத்துல சின்னத் தொழில்காரன் கைல மூணே வழி தான் இருக்கு. விலைய ஏத்தலாம், அளவக் குறைக்கலாம், சரக்க மாத்தலாம். இதுல மொத வழி மட்டும் தான் வாங்கறவங்க கண்ணுக்கு நேராத் தெரியும், அதனால தான் எல்லாரும் அதுக்குப் பயந்துட்டு மத்த ரெண்டுக்கும் போறாங்க. நான் சொல்ல வர்றது எல்லாமே அந்த மொத வழில தைரியமா நிக்கறதுக்கு என்னென்ன ஏற்பாடு வேணும்ங்கறது தான்.

ஒரு லிட்டருக்கு உங்க அடக்க விலை என்னன்னு இன்னைக்கே போடுங்க

நெறைய பேரு பக்கத்துக் கடை விலையப் பாத்து அதுல 10 ரூபா குறைச்சு வைக்கிறாங்க. அது விலை இல்ல, ஜோசியம். பேப்பர் எடுங்க. நான் ஒரு மாதிரிக் கணக்கு போடறேன், ரூபாய் உங்க ஊருக்கு ஊரு மாறும், போடற முறை மாறாது.

100 கிலோ பருப்பு, கிலோ 220ன்னு வச்சுக்கங்க, 22,000 ரூபா. மரச்செக்குல நல்ல காஞ்ச பருப்பா இருந்தா 60 கிலோ எண்ணெய் வரும். நாலு நாள் தெளிய வச்சு அடில தங்குற மண்டியக் கழிச்சா 59ன்னு வைங்க. ஒரு லிட்டர் எண்ணெய் 910 கிராம் கிட்ட தான் இருக்கும், அதனால 59 கிலோ 64 பாட்டிலுக்கு வரும், மிச்சம் சொச்சம் சிந்தறதுக்கும் ஒட்டறதுக்கும் சரியாப் போயிடும். புண்ணாக்கு 36 கிலோ, கிலோ 30ன்னு மாட்டுக்காரங்க எடுத்துக்கிட்டா 1,080 திரும்ப வருது, ஆக பருப்பு வகைல நிகரச் செலவு 20,920. ஆள் கூலி, கரண்டு, வாடகை எல்லாம் 100 கிலோவுக்கு 1,300. பாட்டில், மூடி, லேபிள் ஒண்ணுக்கு 15ன்னு 960. மொத்தம் 23,180. 64ஆல வகுத்தா 362 ரூபா. இதுல உங்க லாபமும் இல்ல, ஜிஎஸ்டி 5 சதவீதமும் இல்ல, கவனிங்க.

இதுலருந்து ஒரு மனப்பாடக் கணக்கு கிடைக்குது: பருப்பு கிலோவுக்கு 10 ரூபா ஏறுனா எண்ணெய் லிட்டருக்கு 15லருந்து 16 ரூபா ஏறும். இது தெரியாம தான் "பருப்பு பத்து ஏறுச்சு, நானும் பத்து ஏத்திட்டேன்"னு சொல்லிட்டு ஒவ்வொரு பாட்டில்லயும் 5 ரூபா கையவிட்டுக் குடுத்துட்டு இருந்தாரு எனக்குத் தெரிஞ்ச ஒருத்தரு, மூணு மாசம் கழிச்சு தான் ஏன் கல்லா காலியாவே இருக்குன்னு யோசிச்சாரு. மாவுக்கடையா இருந்தா உளுந்துக்கும் அரிசிக்கும் இதே மாதிரி ஒரு நம்பர் இருக்கும், அதக் கண்டுபுடிச்சு செவுத்துல எழுதி வைங்க.

லாபத்த சதவீதத்துல வைக்காதீங்க, ரூபாயா வைங்க. இது என் சொந்த அபிப்பிராயம், ஆடிட்டருங்க ஒத்துக்க மாட்டாங்க. பருப்பு 100 ரூபா இருந்தப்ப அடக்கம் 180 கிட்ட, 20 சதவீதம்னா 36 ரூபா லாபம். அடக்கம் 362 ஆனப்புறமும் அதே 20 சதவீதம் போட்டா 72 ரூபா. செக்கு அதே செக்கு, நான் படற பாடு அதே பாடு, எதுக்கு ரெண்டு மடங்கு? நான் 36ஐ 41 ஆக்குனேன், அந்த 5 ரூபா எதுக்குன்னா இப்ப அதே அளவு சரக்குக்கு ரெண்டு மடங்கு பணம் முடங்குது, அதுக்கு வட்டி இருக்கு. யாராவது கேட்டாங்கன்னா இத அப்படியே சொல்ல முடியும், அது தான் எனக்கு முக்கியம். கேட்டா சொல்ல முடியாத லாபம் வைக்கறதில்லன்னு ஒரு பழக்கம்.

விலை ஏத்தறத எப்படிச் சொல்றது

கடைல ஒரு கரும்பலகை வச்சிருக்கேன், அதுல ரெண்டே வரி: இன்னைக்குப் பருப்பு கிலோ என்ன, எண்ணெய் லிட்டர் என்ன. ஆரம்பத்துல எங்க வீட்டுலயே திட்டுனாங்க, கொள்முதல் விலையப் போய் யாராச்சும் எழுதி வைப்பாங்களான்னு. எழுதி வச்சதால என்ன ஆச்சுன்னா எண்ணெய் ஏறுனப்ப யாரும் என்னைக் கோவிச்சுக்கல, பருப்பத் தான் கோவிச்சுக்கிட்டாங்க.

வாட்ஸ்அப்ல வாடிக்கையாளருக்கு அனுப்பறது இப்படி இருக்கும், வேணும்னா எடுத்துக்கங்க: "வணக்கம்ங்க. பருப்பு போன மாசம் 200, இப்ப 220. வர்ற திங்கக்கிழமைல இருந்து தேங்காண்ணெய் லிட்டருக்கு 30 ரூபா கூடுது. ஞாயித்துக்கிழமை வரைக்கும் பழைய விலை தான், வேணுங்கறவங்க வாங்கிக்கலாம், ஆனா வீட்டுக்கு ரெண்டு லிட்டர் வரைக்கும் தான். கடலெண்ணெய் விலை மாறல." இவ்வளவுதான். "தவிர்க்க இயலாத காரணங்களால்"ன்னு ஆரம்பிச்சீங்கன்னா ஒருத்தரும் நம்பமாட்டாங்க. ஒரு வாரம் முன்னாடியே சொல்லிடுங்க, எவ்வளவுன்னு சொல்லுங்க, எதுக்குன்னு சொல்லுங்க, எது ஏறலங்கறதையும் சொல்லுங்க.

கொஞ்சம் பேரு போயிடுவாங்க. எனக்கும் போனாங்க. அவங்களப் புடிச்சு நிறுத்தறதுக்கு சின்ன பாட்டில் போடுங்க, 200 மில்லி, 500 மில்லி, ஆனா அது பாக்கறதுக்கே சின்னதா இருக்கணும். அரை லிட்டர் பாட்டில் மாதிரியே உசரமா வாங்கி உள்ள 450 ஊத்தறது இருக்கே, அது சட்டப்படி லேபிள்ல 450ன்னு போட்டுட்டாலும் எனக்குப் புடிக்கல. பாக்கெட் பொருள் விதிலயே ஒரு மில்லி என்ன விலைங்கறத லேபிள்ல போடணும்னு இருக்கு, லிட்டருக்குக் கம்மியான பாட்டில்லாம் அதப் பாத்துத் தான் சனங்க ஒப்பிட முடியும், அந்த எழுத்த எறும்பு சைஸ்ல போடாம தெரியற மாதிரி போடுங்க.

தராசு எங்க பாத்து இருக்கு

எண்ணெய் வெயிலுக்கு விரியும், குளிருக்குச் சுருங்கும், மார்கழில தேங்காண்ணெய் உறைஞ்சே போயிடும். அளவுக் கோடு பாத்து ஊத்துனா சித்திரைல வாங்குனவங்களுக்கு எடை கம்மியாப் போகும். அதனால எடை போட்டு ஊத்துங்க, நான் லிட்டருக்கு 915 கிராம் ஊத்துறேன், லேபிள்ல மில்லியோட கிராமும் போடறேன். எலக்ட்ரானிக் தராசுக்கு வருசா வருசம் முத்திரை வைக்கணும், அந்தச் சான்றிதழ கண்ணுக்குத் தெரியற இடத்துல மாட்டுங்க.

எங்க கிட்ட இன்னொரு வேலையும் உண்டு, கூலிக்கு ஆட்றது. சனங்க சொந்தத் தோப்புப் பருப்பு, சொந்தக் கடலைய மூட்டைல கட்டிட்டு வருவாங்க, கிலோவுக்கு இவ்வளவுன்னு கூலி வாங்கிட்டு ஆட்டிக் குடுப்போம். ஒரு நாள் ஒரு ஆத்தா 12 கிலோ பருப்போட வந்துச்சு. செக்குப் பக்கத்துலயே சாக்கு விரிச்சு உக்காந்துக்கிச்சு, எழுந்திரிக்கவே இல்ல. ஆட்டி முடிச்சதும் "எண்ணெயையும் புண்ணாக்கையும் சேத்து எடை போடு சாமி"ன்னுச்சு. எண்ணெய் 7 கிலோ 100, புண்ணாக்கு 4 கிலோ 300. 11 கிலோ 400 தான் வருது. "600 கிராம் எங்க போச்சு?"

எனக்குச் சுருக்குன்னு ஆயிப்போச்சு. ஈரம் கொஞ்சம் ஆவியாப் போகும், அது உண்மை. ஆனா அது மட்டும் தானா? ஆத்தா முன்னாடியே உலக்கையத் தூக்கி உரல் அடியச் சுரண்டுனேன், 250 கிராமுக்கு மேல எண்ணெய் ஊறுன புண்ணாக்கு வந்துச்சு. அது வழக்கமா அடுத்த ஈட்டோட கலந்து போயிடும், யாரும் கேட்டதில்ல, நானும் யோசிச்சதில்ல. யோசிச்சுப் பாத்தா காலைல மொத ஈடு போடறவங்களுக்கு எப்பவும் கம்மியாவும், அவங்களுக்குப் பின்னாடி வர்றவங்களுக்கு சரியாவும் போயிட்டு இருந்திருக்கு, இத்தனை வருசமா. இது திருட்டு இல்ல, ஆனா நேர்மையும் இல்ல.

அன்னைல இருந்து ஒவ்வொரு ஈட்டுக்கும் உரலச் சுரண்டி அவங்கவங்களுக்கே குடுத்துடறோம், பத்து நிமிசம் கூட ஆகுது. வர்றவங்க பக்கம் பாத்த மாதிரி ரெண்டாவது டிஸ்ப்ளே வச்ச தராசு வாங்குனேன். செவுத்துல ஒரு அட்டை: 100 கிலோ காஞ்ச பருப்புக்கு எண்ணெய் 58லருந்து 62 கிலோ, நிலக்கடலப்பருப்புக்கு 40 சொச்சம், ஈரத்துல இவ்வளவு குறையும்னு. உங்க தொழில்லயும் இந்த மாதிரி யாரும் கேக்காத 600 கிராம் ஒண்ணு இருக்கும். டெய்லர் கடைன்னா மிச்சத் துணி, மாவு மில்லுன்னா கல்லுல தங்குறது, மெக்கானிக் ஷாப்புன்னா கழட்டுன பழைய பார்ட்டு. அத நீங்களே தேடிக் கண்டுபுடிக்கறது நல்லது, எல்லாருக்கும் ஒரு ஆத்தா வந்து கேக்காது.

இன்னொண்ணு, இந்தக் கூலி வேலைல சரக்கு ரிஸ்க் நம்மளுது இல்ல. பருப்பு 100 ஆனாலும் 250 ஆனாலும் கூலி கூலி தான். விலை தாறுமாறா இருந்த மாசமெல்லாம் எனக்கு ஆள் சம்பளம் குடுத்தது இந்தக் கூலிப் பணம் தான். உங்க மிஷின வச்சு அடுத்தவங்க சரக்குக்கு வேலை செஞ்சு குடுக்க வழி இருந்தா அத விட்றாதீங்க, பாக்க சின்னக் காசா இருக்கும்.

தப்பு நடந்தா பேட்ச் நம்பர் தான் காப்பாத்தும்

ஒரு தடவ அவசரத்துக்கு, வழக்கமா வாங்கற இடம் இல்லாம வேறொரு வியாபாரிகிட்ட நாலு மூட்டை பருப்பு எடுத்தேன். பாக்க வெள்ள வெளேர்னு இருந்துச்சு. கந்தகப் புகை போட்டா அப்படித் தான் வெளுப்பா இருக்கும், பூசணமும் வெளிய தெரியாது, எனக்கு அது தெரியும், தெரிஞ்சும் விலை 8 ரூபா கம்மின்னு எடுத்தேன், பொய் சொல்லி என்ன ஆகப் போகுது. பத்து நாள் கழிச்சு ஒரு டீச்சர் வந்து "தம்பி, இந்த பாட்டில் சிக்கு வாடை அடிக்குது"ன்னாங்க. மோந்து பாத்தேன், அடிச்சுது.

அந்த பேட்ச்ல வித்தது 46 பாட்டில். பில் நோட்டுல பேட்ச் நம்பரும் போன் நம்பரும் எழுதற பழக்கம் இருந்ததால 31 பாட்டிலுக்கு ஆளப் புடிச்சேன். மிச்சத்துக்குப் பலகைல எழுதிப் போட்டேன், "இந்த பேட்ச் எண்ணெய் சரியில்லை, கொண்டு வாங்க, பணம் தர்றேன்"னு. 27 பாட்டில் திரும்ப வந்துச்சு. அத சோப்பு போடற ஒருத்தருக்கு என்ன ஏதுன்னு சொல்லியே கம்மி விலைக்குக் குடுத்தேன். மொத்தத்துல பதினோராயிரம் கிட்ட போச்சு. 8 ரூபா மிச்சம் புடிக்கப் போயி.

இதுல நீங்க எடுத்துக்க வேண்டியது மூணு வேலை. ஒண்ணு, சரக்கு வாங்கும்போது சோதிங்க: பருப்ப ஒடைச்சா டக்குனு ஒடையணும், வளைஞ்சு குடுத்தா ஈரம் இருக்கு, ஈரமானி ஒண்ணு வாங்கிட்டா வாய்த் தகராறே இல்ல, 6 சதவீதத்துக்கு மேல போனா எடுக்காதீங்க. ரெண்டு, ஆட்டுன தேதி, எந்த மூட்டை, எத்தனை பாட்டில்னு ஒரு 100 பக்க நோட்டுப் போதும், சாஃப்ட்வேர் வேண்டாம். மூணு, தப்பு வந்தா அன்னைக்கே சொல்லுங்க, மறுநாள்னா அதுக்குள்ள வேற யாராவது சொல்லிருவாங்க.

லேபிள்ல எழுதறதுலயும் கவனம் வேணும். "கொலஸ்ட்ரால் அறவே இல்லாதது"ன்னு போடறாங்க, எந்தத் தாவர எண்ணெய்லயும் சொல்ற அளவுக்குக் கொலஸ்ட்ரால் கிடையாது, தண்ணில எலும்பு இல்லன்னு சொல்ற மாதிரி தான் அது. சர்க்கரை குறையும், மூட்டுவலி போகும்னு எழுதறது உணவுப் பாதுகாப்பு விதிக்கே ஆகாது. இரும்பு ரோட்டரில ஆட்டிட்டு மரச்செக்குன்னு போடறது பத்தி நான் ஒண்ணும் சொல்லல, அவங்களுக்கே தெரியும். எள்ளு ஆட்டும்போது கருப்பட்டி சேக்கறோம், அப்ப தான் எண்ணெய் பிரியும், சேத்தா சேத்ததா லேபிள்ல போடுங்க. பாத்திரத்துல சில்லறையா ஊத்தி விக்கறதுக்குத் தடை இருக்கு, பாக்கு பண்ணித் தான் விக்கணும், எங்க ஊருல பாதிப் பேருக்கு இது தெரியாது.

கடன் குடுக்கறதும் வாங்கறதும்

கடை சாஞ்சு போறது பெரும்பாலும் நஷ்டத்தால இல்ல, வெளிய நிக்கற பணத்தால. ஓட்டல், மெஸ், மளிகைக் கடைன்னு சப்ளை ஆரம்பிச்சா மாசம் 300 லிட்டர் போகுதேன்னு சந்தோசமா இருக்கும், பணம் 60 நாள், 90 நாள்னு தள்ளும். பருப்பு விலை ஏறிட்டு இருக்கும்போது 90 நாள் கழிச்சு வர்ற பணத்துல அதே அளவு பருப்பு வாங்க முடியாது, அதனால வித்ததே நஷ்டம் ஆயிடும்.

உத்யம்னு சின்னத் தொழிலுக்கு மத்திய அரசு குடுக்கற பதிவு இல்லன்னா மொதல்ல அத எடுங்க, இலவசம், ஆதார் வச்சு ஆன்லைன்லயே முடிஞ்சுது, யாருக்கும் 2,000 ரூபா அழாதீங்க. பதிவு பண்ணுன குறு, சிறு உற்பத்தியாளருக்கு வாங்குனவங்க எழுத்து ஒப்பந்தம் இருந்தா அதிகபட்சம் 45 நாள்ல, இல்லன்னா 15 நாள்ல பணம் குடுக்கணும்னு 2006 எம்எஸ்எம்இ சட்டம் சொல்லுது, தாண்டுனா ரிசர்வ் வங்கியோட பேங்க் ரேட்ல மூணு மடங்கு கூட்டு வட்டி. 2024 ஏப்ரல்ல இருந்து வருமான வரில ஒரு விதி வந்திருக்கு, வந்தப்ப அதுக்கு நம்பர் 43பி(எச்), அந்தக் கெடுவுக்குள்ள குடுக்காத பணத்த வாங்குனவரு அந்த வருசச் செலவாக் காட்ட முடியாது, குடுக்கற வருசத்துல தான் காட்டலாம். பெரிய கம்பெனிக்கும் சூப்பர் மார்க்கெட்டுக்கும் சப்ளை பண்ணா பில்லுலயே உத்யம் நம்பரப் போடுங்க, அவங்க ஆடிட்டரே பணத்தக் குடுக்கச் சொல்லுவாரு. வெறும் வாங்கி விக்கற வியாபாரியா இருந்தா இது உங்களுக்குப் பொருந்தாது. முக்குல இருக்கற மெஸ்காரருகிட்ட இதெல்லாம் பேசிப் பிரயோஜனமும் இல்ல, அங்க ஒரே விதி தான், பழைய பில் முடிஞ்சா தான் புது டின். மொத நாளே சிரிச்சுட்டே சொல்லிடணும், மூணாவது மாசம் சொன்னா சண்டை.

அதே விதி நமக்கும் உண்டு. எனக்குப் பருப்பு குடுக்கற தோப்புக்காரருக்கு சனிக்கிழமை பணம்னா சனிக்கிழமை பணம். விலை உச்சத்துல இருந்தப்ப வெளியூர்ல இருந்து வந்து கிலோவுக்கு 3 ரூபா கூடக் கேட்டாங்களாம், "நீங்க தவணை சொன்னதில்லைங்க"ன்னு எனக்கே குடுத்தாரு. குடுக்க முடியாத வாரம் வந்தா வெள்ளிக்கிழமையே போன் பண்ணிச் சொல்லிடுங்க, சனிக்கிழமை சாயங்காலம் போன ஆஃப் பண்ணாதீங்க.

தண்டல் வாங்கறவங்களுக்கு ஒரு கணக்கு. 10,000 எழுதி 8,500 கைல குடுப்பாங்க, நாளுக்கு 100 வீதம் 100 நாள். 1,500 தானேன்னு தோணும். ஆனா அசல் தினமும் குறைஞ்சுட்டே வருது, சராசரியா உங்க கைல இருக்கறது அதுல பாதி தான், அப்படிப் பாத்தா மாசத்துக்கு 10 வட்டி கிட்ட வருது. எண்ணெய்ல அவ்வளவு லாபமே இல்ல, அப்ப அந்த வட்டிய எங்கிருந்து கட்டுவீங்க? அளவுல இருந்து, இல்லன்னா கலப்புல இருந்து. என் அனுபவத்துல கலக்கறவங்க பாதிப் பேரு பேராசைல கலக்கல, தண்டல்காரன் வர்ற நேரத்துக்குப் பயந்து கலக்கறாங்க. மத்திய அரசோட முத்ரா கடன் திட்டத்துல சிசு 50,000, கிசோர் 5 லட்சம், தருண் 10 லட்சம் வரைக்கும் அடமானம் இல்லாம பேங்க்ல கிடைக்கும். நாலு தடவ நடக்க விடுவாங்க தான், நடங்க. மிஷினுக்கு மானியம் வருதேன்னு பெரிய லோன் எடுக்காதீங்க, மானியம் பின்னாடி கடன் கணக்குல தான் வந்து உக்காரும், தவணை அதுக்கு முன்னாடியே ஆரம்பிச்சுடும்.

சரக்கு அடுக்கறது பத்தியும் ஒரு வார்த்தை. விலை ஏறும்போது கைல இருக்கற பணத்த எல்லாம் போட்டுப் பருப்பு வாங்கி அடுக்கிடலாம்னு கை துறுதுறுங்கும். அது செக்குத் தொழில் இல்ல, சூதாட்டம். 2022, 2023ல இதே பருப்பு விலை சரிஞ்சு ஆதரவு விலைக்குக் கீழ போயி, அடுக்கி வச்சவங்க கைய சுட்டுக்கிட்டாங்க. நான் பத்துலருந்து பன்னண்டு நாள் ஓட்டத்துக்கு மேல வைக்கறதில்ல. ஏறும்போது வர்ற லாபம் கொஞ்சம் போகும், போகட்டும்.

பில்லு, யூபிஐ

2025 ஜூலைல கர்நாடகால சின்னக் கடைக்காரங்களுக்கு யூபிஐ வரவப் பாத்து வணிக வரித்துறை நோட்டீஸ் அனுப்புனதும், பெங்களூர்ல கடைக்குக் கடை "யூபிஐ இல்லை, கேஷ் மட்டும்"னு அட்டை தொங்குனதும் நினைவிருக்கும். அட்டை தொங்க விடறது வழி இல்ல. வீட்டு க்யூஆர் வேற, கடை க்யூஆர் வேறன்னு ரெண்டு கணக்கு வைங்க, மச்சான் அனுப்புன கைமாத்தும் சீட்டுப் பணமும் கடை வரவா மாறிடக் கூடாது. நம்ம தமிழ்நாட்டுல பொருள் விக்கறவங்களுக்கு வருசம் 40 லட்சம் வரைக்கும் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம் இல்ல, வெளி மாநிலத்துக்கு அனுப்புனா கதை வேற. ஒன்றரைக் கோடி வரைக்கும் காம்போசிஷன்னு ஒண்ணு இருக்கு, விற்பனைல 1 சதவீதம் கட்டுனாப் போதும், ஆனா அத வாடிக்கையாளர்கிட்ட தனியா வசூல் பண்ணக் கூடாது. பதிவே இல்லாம பில்லுல ஜிஎஸ்டி போட்டு வாங்கறதும் நடக்குது, அது அப்பட்டமான திருட்டு.

பெருசு பண்றது எப்ப

ரெண்டாவது கடை போடலாமான்னு கேக்கறவங்ககிட்ட நான் கேக்கற ஒரே கேள்வி, உங்க மிஷின் நாளைக்கு எத்தனை மணி நேரம் சும்மா நிக்குது? என் ரெண்டு செக்குலயும் சேத்து நாளைக்கு 12 ஈடு ஓட்டலாம், ரொம்ப நாள் 6 தான் ஓடுச்சு. கரண்டுல நிலைக் கட்டணம், வாடகை, சம்பளம் எல்லாம் 12க்கும் அதே தான். அதனால மொதல்ல அந்த 6 காலி ஈட்ட நிரப்பப் பாத்தேன். புதன்கிழமை முழுக்கக் கூலி ஆட்டுக்குன்னு ஒதுக்குனேன், ஊருக்கே தெரிஞ்சு போச்சு, மூட்டையோட வர்றாங்க. சிவகிரி பக்கம் எள்ளு வாங்கி நல்லெண்ணெய் ஆரம்பிச்சேன். தேங்காண்ணெய் படுத்தப்ப கடலெண்ணெய் தூக்கி விட்டுச்சு, ஒரே சரக்க நம்பி இருந்தா அந்தச் சரக்கோட சேந்து நாமளும் விழுவோம். மூணாவது செக்கு இன்னும் வாங்கல. 12ல 10 ஈடு ஆறு மாசம் தொடர்ந்து ஓடுனா வாங்கலாம்னு இருக்கேன்.

ஆளுங்க விசயம். மூணு பேருக்கும் பருப்பு விலை, எண்ணெய் விலை, மாச லாபம் தெரியும். வேலை கம்மியான ரெண்டு மாசம் யாரையும் நிறுத்தல, ஓவர்டைம் மட்டும் இல்லன்னு முன்னாடியே சொல்லிட்டேன். முதலாளி கலக்கறானா இல்லையாங்கறது ஊர்ல மொதல்ல தெரியறது வேலையாளுக்குத் தான், அவன் டீக்கடைல என்ன சொல்றானோ அது தான் உங்க விளம்பரம்.

இறங்கும்போது

ஏத்தறதுக்கு இவ்வளவு எழுதிட்டேன், இறக்கறதுல தான் பாதிப் பேரு மாட்டுவாங்க. பருப்பு 20 ரூபா இறங்குனா அதே மனப்பாடக் கணக்குப்படி எண்ணெய் 30 ரூபா இறங்கணும். "பழைய சரக்கு கைல இருக்கு, முடியட்டும்"னு ஒரு மாசம் இழுப்பாங்க, ஏறுனப்ப மட்டும் பழைய சரக்குக்கும் அன்னைக்கே புது விலை போட்டிருப்பாங்க. நான் ஏத்தும்போது ஒரு வாரம் முன்னாடி சொல்றேன், இறக்கும்போது அன்னைக்கே இறக்கறேன், பத்து நாள் சரக்கு தான் இருக்கறதால அடி தாங்கற அளவுல தான் விழுது.

லேபிள் ஒட்டுன பாட்டில என்ன பண்றதுன்னு கேப்பீங்க. எம்ஆர்பிய ஏத்தறதுக்கு மேல ஸ்டிக்கர் ஒட்டக் கூடாது, விதி ஒத்துக்காது. குறைக்கறதுக்கு ஒட்டலாம், ஆனா பழைய விலைய மறைக்காம பக்கத்துல ஒட்டணும். போன தடவ 18 பாட்டில் அப்படி இருந்துச்சு, பழைய விலை தெரியற மாதிரி பக்கத்துலயே புது விலைய ஒட்டி முன் வரிசைல அடுக்குனேன், சாயங்காலத்துக்குள்ள காலி.